மின்கம்பி அருகே மரம் வெட்ட யாருக்குத் தகுதி? சட்டமும் சான்றிதழும் சொல்வது என்ன?

நாராயணவனம் (திருப்பதி): மா அறுவடை முடிந்து கவாத்துப் பருவம் தொடங்கும்போதும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக மின்பாதைகள் சீரமைக்கப்படும்போதும் ஆந்திரப் பிரதேச மாநிலம், திருப்பதி மாவட்டத்தின் நாராயணவனம் போன்ற ஊர்களில் ஒரே வேலையை இரு தரப்பினர் செய்கின்றனர். ஒருவர், தோட்ட உரிமையாளர் நாள் கூலிக்கு அமர்த்தும் மரம் வெட்டும் தொழிலாளி. மற்றவர், மின் விநியோக நிறுவனத்தின் லைன்மேன்.

தொழிலாளிக்கு எந்தக் கிளை தாங்கும், எது முறியும் என்பது தெரியும். அருகில் செல்லும் கம்பியில் எத்தனை வோல்ட் மின்சாரம் பாய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. லைன்மேனுக்கு மின்சாரத்தின் குணம் தெரியும். ஆனால், கிளையை எங்கே, எப்படி அறுக்க வேண்டும் என்ற பயிற்சி அவருக்கு முறையாக அளிக்கப்படுவது அரிது. இவ்விரு அறிவும் ஒருவரிடமே இருப்பதை உறுதி செய்யும் பயிற்சியும் சான்றிதழும் சில நாடுகளில் தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளன. இந்தியாவில் நிலைமை என்ன, மின்கம்பி அருகே மரவேலை செய்வோர் எந்தத் தகுதியைப் பெற வேண்டும் என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

தோட்டத்துக்குள் வந்த 11 ஆயிரம் வோல்ட்

அருணா நதிக்கரையில், புத்தூருக்கு அருகே அமைந்துள்ள நாராயணவனம், கல்யாண வெங்கடேஸ்வர சுவாமி கோயிலுக்காகவும் நெசவுத் தொழிலுக்காகவும் அறியப்பட்ட ஊர். 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்படும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதியில் மா, தென்னை, புளி, வேம்பு, புங்கன் ஆகிய மரங்கள் மிகுதி. மின் விநியோகத்தைத் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரப் பிரதேச தெற்கு மின் விநியோக நிறுவனம் மேற்கொள்கிறது.

ஆந்திரத்தில் விவசாய மின் இணைப்புகளுக்கு உயரழுத்த விநியோக முறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்றிலிருந்து தாழ்வழுத்தக் கம்பிகளை நெடுந்தூரம் இழுப்பதற்குப் பதிலாக, 11 கிலோவோல்ட் பாதையைக் கிணறு வரை கொண்டுசென்று, சிறிய டிரான்ஸ்பார்மர் வைத்து மின்சாரம் வழங்கும் முறை இது. இதனால் மின்னிழப்பு குறைகிறது. மோட்டார்களுக்குச் சீரான அழுத்தம் கிடைக்கிறது. அதேசமயம், 11 ஆயிரம் வோல்ட் கம்பி மாந்தோப்பின் நடுவே செல்லும் நிலையும் உருவாகிறது. மாங்காய் பறிக்கும் துறட்டியும், அலுமினிய ஏணியும், கவாத்துக் கத்தியும் அக்கம்பிக்கு அருகிலேயே புழங்குகின்றன.

மரம் மின்சாரத்தைக் கடத்துமா?

காய்ந்த கட்டை மின்சாரத்தைக் கடத்தாது என்ற நம்பிக்கை கிராமங்களில் வலுவாக உள்ளது. உயிருள்ள மரத்துக்கு இது பொருந்தாது. மரத்தினுள் ஓடும் நீரும் அதில் கரைந்துள்ள உப்புகளும் மின்சாரத்துக்கு வழி கொடுக்கின்றன. மழையிலும் பனியிலும் நனைந்த பட்டை அதை மேலும் எளிதாக்குகிறது. வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டில் ஓரளவு தடையாக இருக்கும் ஒரு பொருள், 11 ஆயிரம் வோல்ட்டில் அவ்வாறு இருக்கும் என்று கொள்ள முடியாது. மூங்கில் கழிக்கும் இது பொருந்தும்.

மரம் கம்பியைத் தொட்டால் துணைமின் நிலையத்தில் பிரேக்கர் விழுந்து மின்சாரம் தானாகவே நின்றுவிடும் என்பது மற்றொரு தவறான நம்பிக்கை. மரத்தின் தடை அதிகம் என்பதால் அதன் வழியாக நிலத்துக்குப் பாயும் மின்னோட்டம் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். பாதுகாப்புக் கருவி அதைப் பழுதாக உணராமல் போகலாம். மின்பாதையின் கணக்கில் மிகச் சிறிதான அந்த மின்னோட்டம் மனித உடலுக்குச் சிறிதன்று. இதயத் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியர் போதுமானது. கிளை கம்பியை உரசியபடி இருக்கும்போது ஊர் முழுவதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். அந்த மரத்தில் கை வைப்பவர் உயிரிழக்கலாம்.

அறுந்து விழுந்த கம்பிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மின்சாரம் நின்ற கம்பி என்று எண்ணி அதை நெருங்கும் வேளையில், பழுது நீங்கிவிட்டதா என்று சோதிப்பதற்காகத் துணைமின் நிலையத்தில் பிரேக்கர் மீண்டும் போடப்படலாம். கம்பி விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள நிலத்திலும் மின்னழுத்தம் பரவும் என்பதால், குறைந்தது 10 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்பு நெறி.

எவ்வளவு இடைவெளி தேவை?

வனப்பகுதிகளில் செல்லும் மின்பாதைகளுக்கு மத்திய சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகம் வகுத்துள்ள வழிகாட்டு நெறிகளில், கம்பிக்கும் மரத்துக்கும் இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி 11 கிலோவோல்ட் பாதைக்கு 2.6 மீட்டர், 33 கிலோவோல்ட்டுக்கு 2.8 மீட்டர், 132 கிலோவோல்ட்டுக்கு 4 மீட்டர், 220 கிலோவோல்ட்டுக்கு 4.6 மீட்டர் எனக் குறிக்கப்பட்டுள்ளது. பாதையின் மொத்த அகலம் 11 கிலோவோல்ட்டுக்கு 7 மீட்டர், 33 கிலோவோல்ட்டுக்கு 15 மீட்டர், 132 கிலோவோல்ட்டுக்கு 27 மீட்டர் ஆகும்.

இவை வனப்பகுதிக்கான அளவுகள் என்றாலும், தோட்ட உரிமையாளர்களுக்கும் ஒரு தெளிவைத் தருகின்றன. கம்பியின் இருபுறமும் சுமார் மூன்றரை மீட்டர் தூரத்துக்குள் உயரமாக வளரும் மரத்தை நட்டால், சில ஆண்டுகளில் யாரோ ஒருவர் அதில் ஏறிக் கிளை கழிக்க வேண்டிய நிலை வரும். வெயில் காலத்திலும், மின்சுமை கூடும் நேரத்திலும் கம்பி சூடாகித் தாழும். காற்றில் பக்கவாட்டில் ஆடும். காலையில் பார்த்த இடைவெளி பிற்பகலிலும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்சாரச் சட்டம், 2003-இன் 68-ஆவது பிரிவு மேல்நிலை மின்பாதைகளைப் பற்றியது. பாதைக்கு அருகிலுள்ள மரம் மின் விநியோகத்துக்கு இடையூறாக இருந்தால், மின் நிறுவனத்தின் விண்ணப்பத்தின் பேரில் நிர்வாக நடுவரோ, அரசு குறிப்பிடும் அதிகாரியோ அம்மரத்தை அகற்ற உத்தரவிடலாம். புதர், வேலி, காட்டுச் செடி ஆகியவையும் 'மரம்' என்ற சொல்லில் அடங்கும் என்று அச்சட்டமே விளக்கம் தருகிறது. மின்பாதை அமைக்கப்படுவதற்கு முன்பே மரம் அங்கு இருந்திருந்தால், அதன் உரிமையாளருக்கு நியாயமான இழப்பீடு வழங்க உத்தரவிட வேண்டும் என்பதும் இப்பிரிவில் உள்ளது. கம்பி முதலில் வந்ததா, மரம் முதலில் வந்ததா என்ற கேள்வி தோட்ட உரிமையாளர்களுக்கு முக்கியமாவது இதனால்தான்.

உரிமையாளர் தாமே மரத்தை வெட்டி, கவனக்குறைவால் கம்பி அறுந்தால், 139-ஆவது பிரிவின்படி 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம். மரத்தை முழுமையாக வெட்டுவதற்கு ஆந்திரப் பிரதேச நீர், நிலம் மற்றும் மரங்கள் சட்டம், 2002-இன் கீழ் உரிய அதிகாரியின் அனுமதியும் தேவைப்படும் என்பது குறிப்பிடத்தக்கது.

மின்கம்பியில் யார் கை வைக்கலாம் என்பதை மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் தீர்மானிக்கின்றன. 2010-இல் வெளியிடப்பட்ட இவற்றுக்குப் பதிலாக 2023-இல் புதிய ஒழுங்குமுறைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றின் சாரம் தெளிவானது. மின்பாதையில் பணிபுரிவோர் அதற்கென எழுத்துப்பூர்வமாக நியமிக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். கையுறை, தலைக்கவசம், பாதுகாப்புக் கச்சை, மின்சோதனைக் கருவி, எர்த்திங் கருவி ஆகியவை அவர்களுக்கு வழங்கப்பட வேண்டும். கம்பியைத் தொடுவதற்கு முன் அது மின்னிறக்கம் செய்யப்பட்டு நிலத்துடன் இணைக்கப்பட வேண்டும்.

'எல்.சி.' வாங்குவது எப்படி?

களத்தில் இந்த விதிகள் 'லைன் கிளியர்' என்ற ஒரு நடைமுறையில் வந்து சேர்கின்றன. 'எல்.சி.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது, குறிப்பிட்ட பாதையில் மின்சாரம் நிறுத்தப்பட்டுள்ளது, அங்கு வேலை செய்யலாம் என்பதற்கான முறையான அனுமதி. இதனைக் கேட்டுப் பெறும் அதிகாரம் நியமிக்கப்பட்ட பணியாளருக்கு மட்டுமே உண்டு. தோட்ட உரிமையாளரோ கூலித் தொழிலாளியோ துணைமின் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி மின்சாரத்தை நிறுத்தச் சொல்வது எல்.சி. ஆகாது.

முறையான எல்.சி.யில் முதலில் துணைமின் நிலையத்தில் அந்தப் பீடரின் பிரேக்கரும் அதையடுத்த சுவிட்சும் திறக்கப்பட்டுப் பூட்டப்படும். ஆட்கள் பணிபுரிவதைக் குறிக்கும் எச்சரிக்கைப் பலகை தொங்கவிடப்படும். நேரமும் பெயரும் பதிவேட்டில் எழுதப்படும். களத்தில் உள்ள ஏ.பி. சுவிட்ச் திறக்கப்பட்டு, கம்பியில் மின்சாரம் இல்லை என்பது கருவியால் சோதிக்கப்படும். பின்னர், வேலை நடக்கும் இடத்தின் இருபுறமும் எர்த் ராடுகள் மாட்டப்படும்.

கடைசிப் படியைப் பலர் தேவையற்றதாகக் கருதுவதுண்டு. ஆனால், அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. எங்கோ ஒரு வீட்டில் தவறாக இணைக்கப்பட்ட ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்னோக்கி மின்சாரத்தைச் செலுத்தலாம். தாழ்வழுத்தத்தில் உட்செலுத்தப்படும் சில நூறு வோல்ட், அதே டிரான்ஸ்பார்மரின் மறுபுறம் 11 ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்துவிடும். ஒரே கம்பத்தில் இரண்டு பீடர்கள் சென்றால், நிறுத்தப்படாத கம்பி நிறுத்தப்பட்ட கம்பியிலும் மின்னழுத்தத்தைத் தூண்டும். இருபுறமும் எர்த் செய்திருந்தால் அந்த மின்சாரம் தொழிலாளியை அடைவதற்கு முன்பே நிலத்துக்குச் சென்றுவிடும்.

வேலை முடிந்ததும் ஆட்கள் எண்ணப்பட்டு, எர்த் ராடுகள் கழற்றப்பட்டு, எல்.சி. வாங்கியவரே அதைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

இந்த நடைமுறைக்கு நேரம் பிடிக்கும். பீடர் நிறுத்தப்பட்டால் அதே பாதையிலுள்ள விசைத்தறிகள் நிற்கும், மோட்டார்கள் நிற்கும். தறி ஓடும் நேரத்தைப் பொறுத்தே நெசவாளரின் வருமானம் அமைகிறது. இரண்டு கிளைகளுக்காக ஒரு மணி நேர மின்தடையா என்ற கேள்வி எழும்போது, எல்.சி. இன்றியே வேலையை முடித்துவிடும் அழுத்தம் உருவாகிறது. மரத்தில் இருப்பவர் நாள் கூலிக்காரராக இருந்தால், அந்த அழுத்தத்தை மறுக்கும் இடத்தில் அவர் இருப்பதில்லை.

இந்தியாவில் உள்ள சான்றிதழ்கள்

மின்கம்பி அருகே மரவேலை செய்வதற்கென்று தனியான உரிமம் எதையும் மின்சாரச் சட்டம் வகுக்கவில்லை. நடைமுறையில் உள்ளவை மின்பணிக்கான சான்றிதழ்களே.

ஐ.டி.ஐ.களில் எலக்ட்ரீஷியன், வயர்மேன் ஆகிய இரண்டு ஆண்டுப் படிப்புகள் உள்ளன. தேர்ச்சி பெறுவோருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் வழங்கப்படுகிறது. மின்துறைத் திறன் கவுன்சில் விநியோக லைன்மேன் பணிக்கான தகுதித் தரத்தை வகுத்துள்ளது. மின்சாரம் பாயும்போதே பாதையில் பணிபுரியும் 'ஹாட் லைன்' முறைக்குத் தேசிய மின் பயிற்சிக் கழகத்தின் பயிற்சி மையம் பெங்களூரில் செயல்படுகிறது. இது மின்பாதைப் பராமரிப்புக் குழுக்களுக்கான உயர்நிலைப் பயிற்சி.

ஆந்திரத்தில் 2019-இல் கிராம, வார்டு செயலகங்களுக்காக 'எனர்ஜி அசிஸ்டெண்ட்' என்ற பெயரில் இரண்டாம் நிலை ஜூனியர் லைன்மேன்கள் தேர்வு செய்யப்பட்டனர். மின்தொழில் படிப்புடன் கம்பம் ஏறுதல், மிதிவண்டி ஓட்டுதல், மீட்டர் அளவீடு பார்த்தல் ஆகிய சோதனைகள் அவர்களுக்கு நடத்தப்பட்டன. கம்பம் ஏறத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்ட அத்தேர்வில், மரத்தில் ஏறிக் கிளை அறுக்கும் சோதனை இடம்பெறவில்லை. ஆனால், மழைக்காலத்தில் அவர்கள் கம்பத்தில் ஏறுவதைப் போலவே மரத்திலும் ஏற நேர்கிறது.

படிப்பு இல்லாத அனுபவத் தொழிலாளர்களுக்கு வழி உண்டா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்மாதிரி உள்ளது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வை, 21 வயது நிரம்பி, மின் ஒயரிங் தொழிலில் 5 ஆண்டு செய்முறை அனுபவம் பெற்றவர்கள் எழுதலாம். பள்ளிச் சான்றிதழைக் காட்டிலும் கைத்திறனை மதிப்பிடும் தேர்வு இது. மரம் வெட்டும் தொழிலாளர்களின் அனுபவத்தையும் இதே முறையில் சோதித்து, மின்பாதுகாப்புப் பயிற்சி அளித்து, சான்று வழங்க முடியும்.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் தொழிற்பாதுகாப்பு நிர்வாகத்தின் விதிகள், மின்பாதையோர மரக்கழிப்பைத் தனிப் பணியாகவே வரையறுக்கின்றன. அதற்கெனப் பயிற்சி பெறாத தொழிலாளி, 50 கிலோவோல்ட் வரையிலான கம்பிகளுக்கு 10 அடிக்குள், அதாவது சுமார் 3 மீட்டருக்குள் செல்லக் கூடாது. பயிற்சி பெற்றவர் மின்னழுத்தத்தை அடையாளம் காணவும், அதற்குரிய நெருங்கு தூரத்தைச் சொல்லவும் தெரிந்திருப்பதை அவருடைய நிறுவனம் உறுதி செய்ய வேண்டும். உயரழுத்தப் பாதை அருகிலான குறிப்பிட்ட பணிகளின்போது, குரல் எட்டும் தூரத்தில் பயிற்சி பெற்ற இரண்டாவது பணியாளர் இருக்க வேண்டும்.

சர்வதேச மரவளர்ப்பியல் சங்கம் வழங்கும் சான்றிதழ் பரவலாக அறியப்பட்டது. மூன்று ஆண்டு அனுபவமோ, அதற்கு இணையான கல்வியும் அனுபவமும் சேர்ந்த தகுதியோ உடையவர்கள் 200 வினாக்கள் கொண்ட தேர்வை எழுதி இதனைப் பெறுகின்றனர். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இச்சான்றிதழ் பெற்றவர்கள் மின்பாதை மரப் பராமரிப்புக்கான சிறப்புச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம். இது அறிவுக்கான சான்று. கம்பி அருகே மரம் ஏறும் தகுதியைப் பாதுகாப்பு விதிகளின்படியான பயிற்சியே தருகிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மின்பாதை மரப்பணி, தொழிற்பழகுநர் முறையில் கற்கும் தனித் தொழிலாக உள்ளது.

இத்தொழிலுக்குப் பெரும் கவனம் கிடைத்தது 2003 ஆகஸ்ட் 14 அன்று. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் 345 கிலோவோல்ட் பாதைகள் தாழ்ந்து மரங்களைத் தொட்டுச் செயலிழந்ததும் சேர்ந்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரம் இன்றித் தவித்தனர். இதன் பின்னர், உயர்மின் பாதையோர மரப் பராமரிப்புக்கான தரநிலை அங்கு கட்டாயமாக்கப்பட்டது.

புயலுக்குப் பிந்தைய நாட்கள்

ஆபத்து மிகுவது புயலுக்குப் பிந்தைய நாட்களில்தான். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுத்ஹுத் புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் பெருமளவில் சாய்த்தது. 2018 நவம்பரில் தமிழ்நாட்டின் டெல்டா மாவட்டங்களில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்களை வீழ்த்தியது. 2022 டிசம்பரில் மாண்டஸ், 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஆகிய புயல்களின்போது திருப்பதி மாவட்டமும் கனமழையைச் சந்தித்தது.

சாய்ந்த மரத்தின் அடியில் கம்பி இழுபட்டு விறைப்பாக இருக்கும். தண்டை அறுத்தவுடன் கம்பி சுண்டி எழும். வளைந்த கம்பம் திரும்பும். எந்தக் கம்பி எந்தப் பீடரைச் சேர்ந்தது என்பது குழம்பிக் கிடக்கும். மின்சாரம் இல்லாத வீடுகளில் ஜெனரேட்டர்கள் ஓடும். இந்தச் சூழலில்தான் இளைஞர்கள் தன்னார்வத்துடன் அரிவாளும் மோட்டார் ரம்பமும் எடுத்துக்கொண்டு வருகின்றனர்.

விபத்து நேர்ந்தால்...

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளின்படி, இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழக்கின்றனர். மின்விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டும் என்பது விதி.

மத்தியப் பிரதேச மின்வாரியம் தொடர்பான வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒரு நெறியை உறுதி செய்தது. மழைநீர் தேங்கிய சாலையில் கிடந்த மின்கம்பியால் மிதிவண்டியில் சென்றவர் உயிரிழந்த வழக்கு அது. ஆபத்தான பொருளைக் கையாளும் நிறுவனம், தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று காட்டினாலும், ஏற்படும் தீங்குக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வந்தவர் பணியில் இறந்தால், அப்பணியைத் தன் தொழிலின் பகுதியாகக் கொடுத்த முதன்மை நிறுவனத்திடம் இழப்பீடு கோரலாம் என்பது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதல் இந்தியாவில் நிலவும் நெறி. இருப்பினும், தோட்ட உரிமையாளர் வாய்மொழியாக அழைத்த கூலித் தொழிலாளியின் குடும்பம், யார் வேலை கொடுத்தார் என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டியுள்ளது. பதிவேட்டில் பெயரும் எல்.சி. எண்ணும் இருந்தால், அவையே சாட்சியாக நிற்கும்.

மரத்துக்கும் பயிற்சி தேவை

சான்றிதழ் பயிற்சிகள் கற்பிப்பது மனித உயிரின் பாதுகாப்பை மட்டுமன்று. மரத்தை உச்சியில் மொட்டையடித்தால், வெட்டிய இடத்திலிருந்து பல தளிர்கள் வேகமாகக் கிளம்பும். அவை தண்டுடன் உறுதியாகப் பிணைந்திருப்பதில்லை. அடுத்த மழையில் எளிதில் முறியும். மாறாக, கம்பியை நோக்கி வளரும் கிளையை அதன் பிறப்பிடம் வரை அகற்றி, விலகி வளரும் கிளைகளை விட்டுவைத்தால், மீண்டும் வெட்டும் தேவை குறையும். பருத்த கிளையை முதலில் கீழ்ப்புறம் சிறிது அறுத்து, பின் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்து, மிஞ்சிய முளையைக் கிளையின் அடிப்பருமனுக்கு வெளியே சீராக நீக்க வேண்டும். இம்முறையில் பட்டை கிழியாது. கிளை எதிர்பாராத திசையில் சாயும் வாய்ப்பும் குறையும்.

பொதுமக்கள் செய்ய வேண்டியவை

மரக்கிளை மின்கம்பியைத் தொட்டாலோ நெருங்கினாலோ 1912 என்ற மின்சாரப் புகார் எண்ணிலோ பிரிவு அலுவலகத்திலோ தெரிவிக்க வேண்டும். கவாத்துப் பருவத்துக்கு முன்பாகவே எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்தால், பல தோட்டங்களுக்குச் சேர்த்து ஒரே நாளில் எல்.சி. ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும். தறிகள் நிற்கும் நேரமும் குறையும். லைன்மேன் நேரில் வந்து, கம்பியைச் சோதித்து, எர்த் செய்ததைக் கண்ட பிறகே தொழிலாளியை மரத்தில் ஏற்ற வேண்டும். கம்பிக்கு அருகே அலுமினிய ஏணியையும் இரும்புத் துறட்டியையும் தவிர்க்க வேண்டும்.

யாரேனும் மின்சாரத்தில் சிக்கினால், மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்யும் முன் அவரையோ மரத்தையோ தொடக் கூடாது. அதன் பின் மூச்சும் நாடியும் இல்லையெனில் உடனே மார்பு அழுத்த முதலுதவியைத் தொடங்கி, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். புதிய கன்று நடுவோர், தலைக்கு மேலே கம்பி செல்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குழி எடுப்பது, எதிர்காலத்தில் இன்னொருவர் அந்த மரத்தில் உயிரைப் பணயம் வைத்து ஏற வேண்டிய தேவையைத் தவிர்க்கும்.